மட்டம்

ஹெர்னேயில் எங்கள் குசினித் தரையில்
ஒரு வெங்காயம் தவறி விழுந்தால்
அது உருண்டு சன்னலடிக்குத்தான் போகும்.
எண்ணூறு மீற்றர் கீழே நிலக்கரி எடுத்த வெற்றிடம்,
ஊர் கொஞ்சம் கொஞ்சமாய் அதற்குள் இறங்குகிறது என்று
பக்கத்து வீட்டு டொம்ப்ரொவ்ஸ்கி அம்மா
நாளைக்கு மழை என்பதுபோலச் சொல்வா.

பின்வளவுக் கொட்டிலின் பலகைத் தரை
இந்தப் பனிக்கு முழுதாய் உக்கிவிட்டது.
புல்வெட்டி ஒரு சில்லை உள்ளே புதைத்துக்கொண்டு நின்றது.
"ஆளைப் பிடிச்சுச் செய்விப்பம், உனக்கு ஏலாது"
என்றார் தயானந்தன்.
மட்டம் தட்டுவதில் அவருக்கு இருபத்தாறு வருட அனுபவம்.
நான் பேசாமல் போய்
றப்பர் சுத்தியல் ஒன்று வாங்கி வந்தேன்.

முப்பது கற்கள், நாற்பதுக்கு நாற்பது.
ஒரு கல் பதினைந்து கிலோ:
பாண் தொழிற்சாலையில் இரவிரவாய் நான் தூக்கும்
மாமூடையை விட இலேசு.
ஒரு சாண் தோண்டினேன்.
செங்கல் துண்டு, வளைந்த முள்ளுக்கரண்டி,
பெயர் அழிந்த நாயின் கழுத்துப்பட்டி.
சரளை கொட்டி இடித்தேன்.
மணலைப் பரப்பி, இரண்டு குழாய்களின் மேல்
பலகையை வைத்து என் பக்கமாய் இழுத்தேன்.
இழுத்த இடத்தில் பூனை நடந்தது.
திரும்ப இழுத்தேன்.

பிறகு கல், ரசமட்டம், சுத்தியல்.
பச்சைத் திரவத்துக்குள் அந்தக் குமிழி
ஒரு தட்டுக்கு ஓடும், மறு தட்டுக்குத் தயங்கும்,
இரு கோடுகளுக்கு நடுவே வந்து நிற்கும்போது
என் மூச்சும் நிற்கும்.
மூன்று ஞாயிறுகள் அப்படிப் போயின.

கடைசி வரிசையில் மழை.
மணல் கரையக்கூடாதென்று கதவைச் சாத்திவிட்டு
முப்பதாவது கல்லையும் தட்டி இறக்கினேன்.
குமிழி நடுவில்.
எழுந்து கதவை இழுத்தேன்.
வரவில்லை.
உட்பக்கம் திறக்கும் கதவு;
அதன் அடிவிளிம்பைவிட
என் தரை ஒரு விரல் உயரம்.

நாலு கல்லைக் கிளப்பினால் வெளியே வந்திருக்கலாம்.
கிளப்பவில்லை.
போன் குசினியில் சார்ஜில் கிடந்தது.
சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடுவில் இருந்தேன்.
காற்சட்டைப் பையில் கிடந்த உள்ளிப்பூண்டை
(அது ஏன் அங்கே கிடந்ததென்று கேட்காதீர்கள்)
தரையில் வைத்தேன்.
வைத்த இடத்திலேயே இருந்தது.
இந்த ஊரில் பதினெட்டு வருடத்தில்
இருந்த இடத்தில் இருந்த முதல் பொருள்.

அப்போதுதான் கண்டேன்,
தரை நேரானதும் கொட்டில் கோணலாகியிருந்தது.
தட்டுகள் சரிந்து, சன்னல் சரிந்து,
தீந்தை வாளிகள் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றன,
பேருந்து திரும்பும்போது நிற்கும் ஆட்களைப்போல.
எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கண்ணாடியில் தட்டினேன்.
டொம்ப்ரொவ்ஸ்கி அம்மா குடையோடு வந்து
உள்ளே எட்டிப் பார்த்து
முதலில் சிரித்து முடித்தா.
பிறகு கையளவு திறக்கும் சன்னலால்
திருப்புளியை நீட்டினா.
பிணைச்சல்களைக் கழற்றி, கதவின் தலையை உள்ளே சரித்து,
அடியைத் தூக்கி வெளியே எடுக்க
மழை நேரே வந்து என் கல்லில் விழுந்தது.
அது எந்தப் பக்கமும் ஓடவில்லை.
"இதுவும் ஒருநாள் இறங்கும்," என்றா அவ.
"இறங்கட்டும். இண்டைக்கு இல்லை," என்றேன்.

தள்ளுவண்டியில் கதவைப் படுக்கவைத்து அறுத்தோம்.
தரைக்கு இசையக் கோடு கீறினால்
பிணைச்சல் பக்கம் அரை விரல், பூட்டுப் பக்கம் இரண்டு.
அறுத்து விழுந்தது
நீளமான ஓர் ஆப்பு.

பின்னேரம் தயானந்தன் வந்து பார்த்தார்.
குதிக்காலால் ஒரு கல்லை அமுக்கினார்,
இன்னொன்றை அமுக்கினார்.
"கதவு ஏன் கோணலாய் வெட்டியிருக்கு?"

காற்றுக்குக் கதவு சாத்தாமல் இருக்க
அந்த ஆப்பைத்தான் இப்போது அடியில் செருகுகிறோம்.