சிறிய காற்று

புந்தா அரேனாஸில் காற்றடித்தால்
தெருவில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
முப்பது வருடம் அந்தக் காற்றில் பஸ் ஓட்டிய எலெவுத்தேரியோ
ரொட்டி அளவுப் பெட்டி ஒன்று ஊதும் காற்றிடம்
தோற்றுப்போனான்.

முதல் இரவு இருபது நிமிடம்.
மறுநாள் முகமூடி கட்டிலுக்கடியில் கிடந்தது,
குழாயைப் பார்த்து நாய் உறுமியது.
பிறகு மூக்குத்தண்டில் புண்.

தினம் நான்கு மணிநேரம் காட்டாவிட்டால்
உரிமம் கிடையாது என்றிருந்தார்கள்.
விழித்தபடியே மாட்டிக்கொண்டு
கால்பந்து பார்த்தான்.
கோல் விழுந்ததும் கத்தப்போக,
வாய்வழியே அத்தனை காற்றும் சீறியது.
ஆட்டம் முடியும்வரை சிரித்தேன்.

பதினோரு வருடப் பழக்கம் எனக்கு:
அவன் மூச்சு நிற்கும். எண்ணுவேன்.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது,
முழங்கையால் ஓர் இடி.
இப்போது ஒன்று என்பதற்குள்
அடுத்த மூச்சு வந்துவிடுகிறது.
நான்தான் தூங்காமல் கிடக்கிறேன்.

ஐந்தாம் வாரம், விடியலில் எழுப்பினான்.
கன்னத்தில் வார் பதிந்த கோடுகள்.
"நோல்ஃபா, கனவு வந்தது.
ஒரு செம்மறி பஸ்ஸில் ஏறியது.
சில்லறை இல்லை என்றது."

ஏற்றிக்கொண்டாயா?

அதற்குள் தூங்கியிருந்தான்.
கூரைத் தகரம் தடதடத்தது.