ஏழாவது சுருள்

டர்பன், விக்டோரியா தெருவுக்கு
ரோமாபுரி வந்திறங்கியது எட்டுத் தகர டப்பாக்களில்,
பிரிட்டோரியாவின் முத்திரையோடு.

படம் ஓட்டுகிறவன் நான்.
ஏழாவது சுருளில் அந்த ஒட்டு
என் விரலுக்குத் தெரியும்,
பசை தடித்த தழும்பு.
அதற்கு முன், சங்கிலியோடு அடிமை குனிந்திருப்பான்,
காவலன் சவுக்கை ஓங்குவான்.
அதற்குப் பின், காவலன் மணலில் கிடப்பான்.
நடுவே ஒரு கண்சிமிட்டல்.

"ஏ பூபாலா, தூங்கிட்டியா?"
பால்கனி விசிலடிக்கும்.
கரும்பு மில் வீராசாமி மூன்று முறை டிக்கெட் எடுத்தார்
அந்தக் கண்சிமிட்டலுக்காகவே.

ஆட்டம் விட்டதும் பெக்கி வருவான் துடைப்பத்தோடு.
சுலுக்காரன், படம் பார்க்க அனுமதியில்லை.
பார்த்தவர்கள் போட்ட குப்பையை அள்ளலாம்.
"இன்றைக்கு எப்படிச் செத்தான்?"
வாளால் என்றேன் ஒருநாள். மறுநாள் ஈட்டி.
நானும் பார்த்ததில்லையே.

நேற்று
வேர்க்கடலைத் தோலைக் குவித்துவிட்டு
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான்.
"வாள் ஏது அவனிடம்?
இருந்தது சங்கிலிதானே."
இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து
காற்றில் ஒரு சுற்று சுற்றி
இழுத்தான்.

அவன் பின்னால் திரை வெறுமையாய் இருந்தது.
இரவுக் காட்சிக்கு நேரமாகிவிட்டது, நான் போய்
ரோமைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும்.