பக்கி வாங்கிய சனிக்கிழமை

இந்த நாட்டில் இதற்குப் பெயர் பக்கி.
சென்னையிலிருந்து புதிதாக வந்த குருக்களிடம்
"ஒரு பக்கி வாங்கப் போகிறேன், சாமி,
சாவிக்கு அர்ச்சனை செய்யுங்கள்" என்றேன்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.
அங்கே அது வசவாம்.
இருக்கட்டும்.
இங்கே அதற்குத் தொண்ணூற்றைந்தாயிரம் ராண்ட் கேட்கிறார்கள்.

டோங்காட்டில், சர்க்கரை ஆலைக்குப் பின்தெரு.
கரும்புக்காடு கொளுத்தும் ஜூலை.
வெள்ளை பானெட்டின் மேல்
கரி இழை இழையாக இறங்க,
பழைய பனியனால் துடைத்தபடி நின்றார்
குபேந்திரன் மூட்லி.
துடைத்த இடத்திலேயே மறுபடி விழுந்தது.
மறுபடி துடைத்தார்.

பானெட்டில் உள்ளங்கையை வைத்தேன்.
சூடு.
"வெயில்" என்றார்.
குளிர்காலத்துக் காலை ஏழரை மணி வெயில்!
குளிர்ந்த எஞ்சின் எப்படி இருமும் என்று
நான் கேட்டுவிடக் கூடாதென்று
முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்.
இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் கிலோமீட்டர்.
"ஒரு பொம்பளை ஓட்டின மாதிரி வைத்திருக்கேன்."
நானும் பொம்பளைதான்.
எதுவும் சொல்லாமல் அட்டையை விரித்து
அடியில் போய்ப் படுத்தேன்.

சட்டகத்தில் துரு.
துருவின் மேல் போன வாரத்துக் கறுப்புப் பெயின்ட்.

பின்னால் இழுவைக் கொக்கி.
அதன் குண்டுக்குத் தொப்பியாக
பாதியாய்ப் பிளந்த டென்னிஸ் பந்து.
கழற்றினேன்.
கிரீஸை விரலால் வழித்தேன்.
ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து
கண்ணாடி போலிருந்தது.
"கனமாக ஏதும் இழுத்ததுண்டா, அங்கிள்?"
"சேச்சே. மெத்தை, சைக்கிள், அந்த மாதிரி."
"மெத்தைக்கு இப்படித் தேயாது."

பனியனை மடித்தார். விரித்தார்.
பிறகு, முருங்கை மரத்துக்குப் பின்னால்
நீலத் தார்ப்பாய் மூடிய ஒன்றைப்
பார்க்காமலே காட்டினார்.
படகு.
பத்தொன்பது வருஷம் அலைக்குள் இறக்கி
அலையிலிருந்து இழுத்தது.
"அதையும் விற்கிறீர்களா?"
"மகன் விற்க விடமாட்டான்.
பக்கி என் பெயரில் இருக்கு."
சற்று நேரம் கழித்து:
"இழுக்க வண்டி இல்லைன்னா
படகு எங்கே போகும்?"

சமையலறை ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது.
கொடியில் இரண்டு லைஃப் ஜாக்கெட்.
ஒன்று வெளுத்திருந்தது.
மற்றதைப் பற்றி நான் கேட்கவில்லை.

என் ட்ரெய்லர் வேறு சாதி:
இரண்டு கேஸ் அடுப்பு, ஒரு மடக்குக் கூரை,
பீன்ஸ் கறி, ஆட்டுக் கறி,
ரொட்டியைக் குடைந்து ஊற்றி விற்கும் கடை.
இதுவரை இழுத்துப் போனது முன்னாள் கணவரின் வண்டி.
முன்னாள் ஆனதும்
வண்டியும் அவரோடு போயிற்று.
"இழுத்துப் பார்த்துத்தான் வாங்குவேன்" என்றேன்.
"எதை?"
படகைப் பார்த்தேன்.

கதவு திறந்தது. மகன் வந்தான்.
யுவேஷன், இருபது வயதிருக்கும், வெறுங்கால்.
அப்பாவின் முகத்தைப் பார்க்காமல்
தார்ப்பாயை உருவினான்.
கொக்கி கவ்விய சத்தம்,
சங்கிலியைக் குறுக்காக மாட்டிய சத்தம்.
ஏழு முள் பிளக்கைச் செருகிப் பின்னால் நின்று
"இடது... சரி. வலது... சரி. பிரேக்."
பிரேக் விளக்கு ஒன்று எரியவில்லை.
விலையில் மூவாயிரம் அங்கேயே குறைந்தது.

ரிவர்ஸ்.
இருபது வருஷக் குடித்தனத்தில்
ஒரு தடவைகூட என் கைக்கு வராத கியர்.
ட்ரெய்லர் வலப்பக்கம் போக
ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும்.
முதல் தடவை முருங்கையை முட்டப் போனேன்.
இரண்டாம் தடவை குப்பைத் தொட்டி சாய்ந்தது.
மூன்றாவதில் படகு, அதுவாகவே போனது போல,
தன் பழைய இடத்தில் போய் நின்றது.
குபேந்திரன் மூட்லி பார்க்கவில்லை.
வீட்டுக்குள் போயிருந்தார்.

எண்பத்தெட்டில் முடிந்தது.
பணத்தை இரண்டு தடவை எண்ணினார்,
இரண்டு தடவையும் பாதியில் மறந்து.
ரசீதில் ரோஷ்ணி படையாச்சி என்று எழுதி
எழுத்துச் சரியா என்று கேட்டார்.

கேட் வரை மகன் கூடவே நடந்தான்.
டென்னிஸ் பந்தை ஜன்னல் வழியே நீட்டினான்.
குரலைத் தாழ்த்தினான்:
"ஆன்ட்டி, ஞாயிற்றுக்கிழமை
உங்களுக்குக் கடை உண்டா?"

ஞாயிறு கடை கிடையாது. அது உண்மை.
அதை அவனிடம் சொன்னேனா என்பதை
இங்கே எழுதுவதாக இல்லை.