பாதி நாய்

வெள்ளி மாலை ஐந்தரை.
கீலா பெண்ட் பெட்ரோல் பங்க்கில்
டயருக்குக் காற்றடிக்கும் இடம்.
ரஸ்ஸல் தன் டிரக்கின் பின்கதவைத் திறக்கிறான்.
குதித்து என்னை நோக்கி ஓடி வருபவள்
நடுவில் நின்று அவனைத் திரும்பிப் பார்க்கிறாள்.
எப்போதும் அதே எண்ணெய்க் கறைமேல்தான் நிற்பாள்.

அவன் வீட்டில் அவள் டெய்ஸி.
என் வீட்டில் துவெர்க்கா, அதாவது மரை,
குட்டியில் அவள் விழுங்கிய ஒன்றின் நினைவாக.
இரண்டு பெயருக்கும் வாலாட்டுகிறாள்.
வக்கீல்கள் இருவர் பதினோரு மாதம் பேசி
வார நாள் அவனுக்கு, வார இறுதி எனக்கு என்றார்கள்.

சனிக்கிழமை, இருட்டு பிரியுமுன் நடை.
ஒன்பது லிட்டர் தண்ணீர்,
அதில் நான்கு அவளுக்கு.
வறண்ட ஓடையின் மணலில்
நேற்றைய குளிர் இன்னும் மிச்சம்.
ஹவெலினாப் பன்றிகள் படுத்தெழுந்த நாற்றத்தை
ஒரு புதருக்கு ஐந்து நிமிடம் வீதம்
வாசித்துக்கொண்டே வருகிறாள்.
எனக்கும் அவசரமில்லை.
சகுவாரோக்கள்
ஒன்றுக்கொன்று போதிய இடம் விட்டு நிற்கின்றன.
இருநூறு வருடம் அப்படி நிற்கலாமாம்.
எங்களுக்கு ஆறுதான் வாய்த்தது.

இரண்டாவது வளைவு தாண்டி அந்தச் சரிவு.
டெடிபேர் கள்ளி என்று பெயர்,
வைத்தவன் தொட்டுப் பார்த்திருக்க மாட்டான்.
உதிர்ந்து கிடந்த ஓர் உருண்டை
முன்னங்காலில் ஏறியது.
வாயால் பிடுங்கப் போனாள், உதட்டிலும் ஏறியது.
அவள் கத்தவில்லை.
மூன்று காலில் நின்று
என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பையின் இடது அறையில் ஒரு சீப்பு,
இரண்டு பல் போன கறுப்பு பிளாஸ்டிக்.
பை என் பங்குக்கு வந்தபோது அதுவும் உள்ளே இருந்தது.
அவன்தான் எப்போதும் முள் எடுப்பான்,
நான் தலையைப் பிடித்துக்கொள்வேன்.
இன்று இரண்டு வேலையும் எனக்கு.
முழங்கால்களுக்கு நடுவே அவளை இடுக்கி
சீப்பை நுழைத்து ஒரே வெட்டில் உருண்டையைத் தெறிக்கவிட்டேன்.
பிறகு இடுக்கியால் ஒவ்வொன்றாக.
முப்பதுக்கு மேல் எண்ணவில்லை.
பாதியில்தான் என் குரல் எனக்குக் கேட்டது:
'அவ்வளவுதான் டெய்ஸி, முடிஞ்சுது டெய்ஸி.'
அவள் உடல் தளர்ந்து
முகவாயை என் மணிக்கட்டில் வைத்தாள்.

ராத்திரி, கொயோட்டிகள் ஊளையிட்டன.
ஒரு காதை மட்டும் அனுப்பிவிட்டு
மீதி நாய் என் தூக்கப்பைக்குள் கிடந்தது.
கால்கள் துடிக்கின்றன, கனவில் ஓடுகிறாள்,
யார் எந்தப் பெயரில் கூப்பிட்டார்களோ.

ஞாயிறு. ஆங்கிலத்தில் 'ஏன்' என்று பெயருள்ள
ஊர் ஒன்று இருக்கிறது இங்கே, சத்தியமாக.
அதன் முச்சந்தியில் வில்மா அந்தோன்
எண்ணெயில் ரொட்டி பொரித்துத் தருகிறாள்.
என் காலுறை சுற்றிய பாதத்தைக் குனிந்து பார்த்தாள்.
'புதன்கிழமை நல்லாத்தானே இருந்தா?'
'புதன்கிழமையா?'
'தாடிக்காரர் கூட்டிட்டு வருவாரே.
அந்தப் பாதையில்தான் நடந்துட்டு வருவாங்க.
அவரும் ரெண்டு ரொட்டி வாங்குவார்,
தேன் இல்லாம ஒண்ணு அவளுக்கு.'

நானும் அப்போது
தேன் இல்லாமல் ஒன்று கேட்டிருந்தேன்.

ஆறு மணி. காற்றடிக்கும் இடம்.
காலுறையைப் பார்த்தான்.
'ரெண்டாவது வளைவா?'
'தாண்டி.'
'சீப்பு இருந்துதா?'
'இருந்துது.'
அதற்கு மேல் கேட்க அவனுக்கும்
சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

வாரை விட்டேன்.
நொண்டிக்கொண்டு போனவள்
எண்ணெய்க் கறைமேல் நின்று
இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்,
பிறகு, இதுவரை செய்யாததாக,
அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

'துவெர்க்கா' என்று கூப்பிட்டது அவன்.
அவள் அசையவில்லை.
பின்னால் காற்றடிக்க வந்த லாரிக்காரர்
ஹார்ன் அடிக்கும்வரை
மூன்று பேரும் அப்படியே இருந்தோம்.