உள்ளூர் விடுமுறை

பானை கிடைத்த நாளுக்கு
சிலைமான் பக்கம் இன்று விடுமுறை.
பள்ளிக்கூட மைக்கில் மூத்த குடி முழங்குகிறது.
தோப்பைக் கொடுத்த மாயழகு
டீக்கடையில் முதுகு காட்டி நிற்கிறார்:
"தென்னைக்கு வெட்டுனப்ப வெறும் ஓடுதான அது."

ஒச்சம்மாளுக்கு இன்று கூலி கிடையாது.
அன்றைக்கும் அரைநாள்தான்:
அவள் களைக்கொத்தில் 'டங்'கென்றதும்
எல்லோரையும் மேலே ஏறச் சொல்லிவிட்டார்கள்.

ஓட்டில் கீறிய பெயரை
வணிகன் என்றார் ஒருவர்,
இல்லை, குறுநில மன்னன் என்று
இன்னும் சண்டை ஓயவில்லை.
வருகைப்பதிவு எழுதும் என்னிடம்
அவள் சொன்னது:
"பக்கத்து வீட்டுக்காரி மாத்தித் தூக்கிட்டுப் போயிருப்பா சார்."

குழாயடியில்
தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்க்கிறாள்.
அடியில் ஆணிக் கீறல், கோணலாய் ஒரு 'ஒ'.

"நாளைக்குக் குழி உண்டா,
இல்ல நாளைக்கும் பெருமைதானா?"