ஷேடு

சிவப்பில் எனக்கு நாற்பத்திமூணு தெரியும்.
தக்காளி, செங்கல், காய்ந்த மிளகாய்,
போன வருஷம் ஊத்துக்குளி ரோட்டில்
தெருவை அடைத்த தகரத்தில் ஒட்டிய நோட்டீஸ்.
அதற்கும் ஒரு நம்பர் போட்டு வைத்திருக்கிறேன்.

நம்ம நாடு சிவப்புப் பட்டியலில் என்று
மே மாசம் கோகிலவாணி சொன்னபோது
எந்தச் சிவப்புங்க என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
பத்தாயிரம் டீசர்ட் லெஸ்டர் கிடங்கில்
பெட்டி பிரித்தபடி கிடந்தது.
கலர் வேறு என்று ஒருவரி மெயில்.
நேரில் போனால்தான் தீரும்.

வாரம் ஒரு அறிவிப்பு வந்தது.
எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மூக்கில் குச்சி.
நம்ம ஊசி செல்லும்.
செல்லும், ஆனால் சான்றிதழ் செல்லாது.
பிறந்த வருஷம் போதாது, தேதி வேண்டும்.
அவளுக்கு ஏது தேதி?
ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கும்போது
சென்னிமலை ஹெட்மாஸ்டர் போட்ட
ஜூன் ஒண்ணுதான்.
அந்த ஜூன் ஒண்ணுக்கு
மூணு ஆபீசில் முத்திரை வாங்கினாள்.

ஆடிப்பெருக்கு கழிந்து அஞ்சாம் நாள்
ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கு
நாடு ஆரஞ்சு ஆனது.
உப்புப் போட்டு, சோடா போட்டு,
சோப்பில் கொதிக்க அலசி
நிறம் ஏற்ற எனக்கு எட்டு மணி நேரம்.
அவர்களுக்கு ஒரு தாள்.
சாயம் நிக்குமா என்று மட்டும் கேட்டேன்.
“போய் எறங்கற வரைக்கும் நின்னாப் போதுமுங் மாஸ்டர்.”

பீளமேட்டில் வண்டியை
நூறடி முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள்.
முகத்துக்குப் பிளாஸ்டிக், அதற்குள் மாஸ்க்,
அதற்குள் கோகிலவாணி.
கையுறைக்குள் நான் பாஸ் பண்ணிய துணித்துண்டு,
உள்ளங்கை அகலம்,
வெளிச்சம் படாமல் கறுப்பு உறையில்.
அவள் வீட்டுக்காரர் கையாட்டிய திசையில்
வேறு யாரோ திரும்பிக் கையாட்டினார்கள்.

அங்கே பத்து நாள் அறையை விட்டு வரக்கூடாது.
கிடங்கு நாலு தெரு தள்ளி.
ஆறாம் நாள் போன்.
இங்கே ராத்திரி பத்தரை, அங்கே பொழுது இருக்கிறது.

“வேற வேலையில்லாம
துணிய ஜன்னல்ல வச்சுப் பாத்தனுங்.
இங்க வானம் அலுமினியச் சட்டி மாதிரி இருக்குது.
அதுல நம்ம செவப்பு
லேசா ஊதா அடிக்குதுங்.”

நான் பேசவில்லை.

“அவிய சொன்னது நெசந்தானுங் மாஸ்டர்.”

லேபில் பெட்டி விளக்கைப் போட்டேன்.
பகல் விளக்கு, கடை விளக்கு, மஞ்சள் விளக்கு.
மூன்றிலும் பாஸ்.
காலையில் நொய்யல் பாலத்தில் நின்று
வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.
கீழே தண்ணீருக்கே நாலு நிறம்.
கையில் சிவப்பு சிவப்பாகத்தான் இருந்தது.

திரும்பி வந்து
மஞ்சளைக் கொஞ்சம் ஏற்றி
புதிதாக ஒரு துண்டு முக்கினேன்.
என் கண்ணுக்கு அது தப்பு.
நாற்பத்திநாலு என்று எழுதி, உறையிலிட்டு,
கூரியர் பையனைக் கூப்பிட்டேன்.
விலாசத்தைப் படித்துவிட்டு அவன் கேட்டான்:

“துணிக்கும் டெஸ்ட் எடுக்கோணுங்களா?”