ஒன்பதாம் எண், இடது

சொடன்குலா முகாம், மூன்றாம் கிடங்கு.
ஜூன் மாதம்.
இரவு பத்தரைக்கும் போக மனமில்லாமல்
தகரக் கூரைமேல் உட்கார்ந்திருக்கிறது சூரியன்.
கொசுக்களுக்குக் கொண்டாட்டம்.
இந்த வெளிச்சத்தில்தான் வரிசையில் வந்து
பனிக்காலத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் பையன்கள்:

பனியில் மறைய வெள்ளை மேலங்கி,
கம்பளிக் காலுறை நான்கு இணை,
சறுக்குக்கட்டை, மடக்கு மண்வெட்டி,
முழங்கால் வரை ரப்பர் காலணி,
அதற்குள் இன்னும் ஈரம் காயாத மார்ச் மாதம்.

என் பெயர் தூலா. சீருடை போடாதவள்.
நானூறு பேருடைய இடுப்பளவு மனப்பாடம்,
முகம்தான் மறந்துபோகும்.
விதிநூலின்படி ஒரு படைவீரன் என்பவன்
அறுபத்திரண்டு உருப்படிகள்,
அடியில் ஒரு கையெழுத்து.

சாப்பாட்டுத் தூக்கின் மூடியில்
எதையும் கீறக்கூடாது என்கிறது பிரிவு ஏழு.
கீறாத மூடி ஒன்றுகூட இல்லை.
வீட்டுக்குப் போக மிச்சமிருக்கும் காலைகளை
ஆணியால் எண்ணிக்கொண்டே வருவார்கள்:
நூற்று ஒன்பது.
எண்பது, பட்டாணிக் கஞ்சி.
எழுபத்தொன்பது, மறுபடியும் அதே.
ஒருவன் பதினேழோடு நிறுத்தியிருந்தான்.
எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.
என்னடா ஆயிற்று என்றேன்.
ஆணி தொலைந்துவிட்டது என்றான்.

அடுத்து நீலோ ஐக்கியோ. வடக்கே உத்ஸ்யோக்கிக்காரன்.
கதவை அடைக்கும் தோள், கரடிக் கை.
அறுபத்தோரு உருப்படி சரி.
கையுறை, குளிர்காலம், எண் பதினொன்று:
மேசைமேல் இடது மட்டும்.

வலது எங்கே?
ஸாக்குவிடம் கொடுத்துவிட்டேன்.
எந்த ஸாக்கு?
ரௌத்தியோ. ஏரியில் அவன் கையுறை
துளைக்குள் போய்விட்டது, பனிக்கட்டிக்குக் கீழே.
அன்றைக்கு மைனஸ் முப்பத்துநான்கு.

அப்போதே ஏன் வந்து கேட்கவில்லை?
தோளைக் குலுக்கினான்.
சித்தி தைத்த கலைமான்தோல் உறை
பையில் ஒன்று கிடந்ததாம்.
தரத்தில் இல்லாதது,
ஓரத்தில் சிவப்பு நூல்வேறு.
வசந்தம் வரை அவனுடைய வலது கை
சட்டவிரோதமாக இருந்திருக்கிறது.
சார்ஜென்ட் பார்க்கவில்லையா?
அவர் எப்போதும் என் இடது பக்கமே நின்றார்.

படிவத்தை எடுத்தேன். குறைவுக்குக் காரணம்:
தொலைந்தது, தேய்ந்தது, தீ, திருட்டு.
நான்கு கட்டம்.
பேனாவை நான்கின் மேலும் ஓட்டிவிட்டு
மூடி வைத்தேன்.

ரௌத்தியோ முழங்கால் கோளாறால்
ஏப்ரலிலேயே வீட்டுக்குப் போனவன்.
அவன் கொடுத்த இணை பதினான்காம் தட்டில் இருக்கும்.
ஏணி போட்டு ஏறினேன்.
இருந்தது:
இடது ஒன்பது, வலது பதினொன்று,
அண்ணன் தம்பிபோல் ஒரே நாடாவில் கட்டி,
சீட்டில், "சரிபார்த்தேன்".
அது என் கையெழுத்து.

மேலே நின்றபடி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
கீழே நீலோ
கொசு அடிப்பதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டான்.
நல்ல பிள்ளை.

பதினொன்றின் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன்.
இனி அது இணை.
ஜனவரியில் எவனாவது பெரிய கைக்காரன் வருவான்.
ஒன்பதின் இடதுக்கு
"தேய்மானம்" என்று எழுதினேன்,
புத்தம்புது கம்பளி, ஒரு நூல் பிரியவில்லை.
நீலோ கையெழுத்துப் போட்டான்.
போகும்போது கதவில் தோளை இடித்துக்கொண்டான்.

அது இப்போது அடுப்புக்குப் பக்கத்தில்
கொக்கியில் தொங்குகிறது.
காப்பிக் கெண்டியின் பிடி சுடும்போது எடுப்பேன்.
நான் வலதுகைக்காரி.
கட்டைவிரல் தப்பான பக்கம் போகிறது.
சமாளித்துக்கொள்கிறேன்.